பழ ஈயின் சிறகுத் தசையிலிருந்து அரசின் ஆலோசனை மேசை வரை: கே. விஜயராகவன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகராக 2018 ஏப்ரல் முதல் 2022 ஏப்ரல் வரை இருந்த கே. விஜயராகவனின் பெயரைப் பெரும்பாலோர் கொரோனா காலச் செய்தியாளர் சந்திப்புகளில்தான் முதன்முதலாகக் கேட்டிருப்பார்கள். அந்த நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் முப்பது ஆண்டுகளுக்கும் மேலான ஆய்வகப் பணியும், ஓர் ஆய்வு மையத்தை வளர்த்தெடுத்த நீண்ட உழைப்பும் உள்ளன. அவற்றை அறியாமல் ஆலோசகராக அவர் செய்தவற்றையும் செய்ய இயலாமல் போனவற்றையும் எடைபோடுவது கடினம். அரசு அறிவியலாளரிடம் எவ்வாறு ஆலோசனை பெறுகிறது, அந்த ஆலோசனை எங்கே பலிக்கிறது, எங்கே தேங்குகிறது என்று அறிய விரும்புவோருக்காக இந்தப் பக்கம் எழுதப்படுகிறது.

விஜயராகவன் யார்?

கிருஷ்ணசாமி விஜயராகவன் 1954-இல் பிறந்தவர். கான்பூர் ஐஐடியில் வேதிப் பொறியியலில் 1975-இல் இளநிலைப் பட்டமும் 1977-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அதன்பின் துறை மாறி, மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியலில் ஆய்வு செய்து 1983-இல் முனைவரானார். 1984 முதல் 1988 வரை அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கில் ஆய்வாளராக இருந்துவிட்டு, 1988-இல் டாட்டா நிறுவனத்துக்கே ஆசிரியராகத் திரும்பினார். 1992-இல் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்துக்குச் சென்றார். 1996 முதல் 2013 வரை அதன் இயக்குநர். 2013 ஜனவரியில் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் செயலரானார். 2018-இல் முதன்மை அறிவியல் ஆலோசகர் பொறுப்பு அவரிடம் வந்தது.

வேதிப் பொறியியல் படித்தவர் நரம்பியலுக்கு எப்படி வந்தார்?

இதற்கான விடையை டாட்டா நிறுவனத்தின் வரலாற்றில் தேட வேண்டும். ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று 1962-இல் ஒபைத் சித்திக்கி அங்கே மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கினார். இயற்பியலும் கணிதமும் கோலோச்சிய ஒரு நிறுவனத்தில், உயிரியலை விவரித்துப் பட்டியலிடும் பாடமாகப் பாராமல், காரணங்களைத் தேடும் அறிவியலாக நடத்த வேண்டும் என்பது அந்தப் பிரிவின் எண்ணம். 1970-களில் சித்திக்கி கால்டெக் சென்று மரபியலாளர் சீமோர் பென்சருடன் பணியாற்றி, வெப்பநிலை உயர்ந்தால் செயலிழந்து விழும் பழ ஈக்களை ஆராய்ந்தார். நரம்பணுக்கள் மின் துடிப்பைக் கடத்துவதில் எந்த மரபணுக்களுக்குப் பங்கு உண்டு என்று அறிய அந்த ஈக்கள் வழி திறந்தன. ஊர் திரும்பியபின் சித்திக்கியும் அவருடைய மாணவி வெரோனிகா ரோட்ரிக்சும் ஈயின் மணம், சுவை உணர்வுகளின் மரபியலை மும்பையில் ஒரு தனிப் பள்ளியாகவே வளர்த்தனர்.

விஜயராகவன் உருவானது இந்தச் சூழலில்தான். பொறியியலிலிருந்தும் இயற்பியலிலிருந்தும் வருவோரை உயிரியலுக்கு அயலாராக எண்ணாமல் வரவேற்ற இடம் அது. துறை எல்லைகளைப் பெரிதுபடுத்தாத அந்தப் பழக்கம் பின்னாளில் அவர் நடத்திய நிறுவனங்களிலும் தொடர்ந்தது.

ஓர் ஈயின் தசையை ஆராய்வது எப்படி நரம்பியல் ஆகும்?

விஜயராகவனை வளர்ச்சி உயிரியலாளர் என்றும் நரம்பு மரபியலாளர் என்றும் இரு விதமாகவும் குறிப்பிடுகிறார்கள், இரண்டும் சரியே. அவருடைய ஆய்வகம் பல ஆண்டுகளாகத் தொடர்ந்த கேள்வி இதுதான்: ஓர் உயிரி அசைவதற்குத் தேவையான நரம்புகளும் தசைகளும் வளர்ச்சியின்போது எவ்வாறு உருவாகி, எவ்வாறு ஒன்றையொன்று கண்டுகொண்டு, சரியான இணைப்பில் அமைகின்றன? நடப்பதும் பறப்பதும் நமக்கு எளிய செயல்களாகத் தோன்றுகின்றன. ஆனால் ஒவ்வொரு இயக்க நரம்பணுவும் தனக்குரிய தசையை மட்டும் சென்றடைந்தால்தான் ஒரு கால் மடங்கும், ஒரு சிறகு அசையும்.

பழ ஈயின் வாழ்க்கை இந்தக் கேள்விக்கு மிகப் பொருத்தமானது. புழுப் பருவத்தில் ஊர்ந்து திரியும் அந்த உயிரி, கூட்டுப்புழுப் பருவத்தில் தன் பழைய தசைகளில் பெரும்பாலானவற்றைக் கரைத்துவிட்டு, நடக்கவும் பறக்கவும் வல்ல புதிய உடலைக் கட்டிக்கொள்கிறது. அப்போது புழுவின் மார்புப் பகுதியில் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று தசைகள் மட்டும் கரையாமல் நின்று, சிறகை இயக்கும் முதுகுப்புற நீள்தசைகளுக்கு அச்சாக அமைகின்றன. அந்த மூன்றும் பிளந்து ஆறாகின்றன. கேம்பிரிட்ஜின் மைக்கேல் பேட்டுடன் சேர்ந்து விஜயராகவனின் குழு 1991-இல் இதை விளக்கியது. பழைய வீட்டை இடிக்கும்போது மூன்று தூண்களை மட்டும் விட்டுவைத்து, அவற்றின் மேலேயே புதிய மாடியை எழுப்புவதைப் போன்றது இந்த ஏற்பாடு.

2017-இல் வெளிவந்த இன்னொரு முடிவும் குறிப்பிடத்தக்கது. நம் தசை காயப்பட்டால் அதைச் சீராக்க சாட்டிலைட் செல்கள் எனப்படும் குருத்தணுக்கள் தசை நார்களை ஒட்டிக் காத்திருக்கின்றன. வளர்ந்த ஈயிடம் அப்படிப்பட்ட அணுக்கள் இல்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அவை உண்டு என்றும், தசை காயப்படும்போது அவை பெருகுகின்றன என்றும் அவருடைய ஆய்வகம் காட்டியது. சில வாரங்களே வாழும் ஓர் உயிரியில் தசை சீரமைப்பின் மரபியலை ஆராய முடியும் என்றால், அந்தத் துறையில் வேலையின் வேகமே மாறிவிடும். அவர் தில்லியில் துறைச் செயலராக இருந்த ஆண்டுகளில் வந்த ஆய்வு இது என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் அவர் செய்தது என்ன?

அவருடைய பணிகளில் நீடித்து நிற்கப்போவது எது என்று கேட்டால், இதையே முதலில் சொல்வேன்.

அந்த மையம் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒரு பகுதி. அணுசக்தித் துறையின் நிதியில் இயங்குவது. அதைத் தொடங்கியவர் சித்திக்கி. பெங்களூரின் வேளாண் பல்கலைக்கழகத்துக்குரிய ஜி.கே.வி.கே. வளாகத்தில் அது நிலைகொண்டது. சித்திக்கிக்குப் பின் 1996-இல் விஜயராகவன் இயக்குநரானார். பதினாறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பொறுப்பில் இருந்தார்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் வழக்கமான அமைப்பை அறிந்தவர்களுக்கு அங்கே நடந்தது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது புரியும். வழக்கமாக ஒரு துறைத் தலைவர் இருப்பார். அவருக்குக் கீழே மூத்தவர், இளையவர் என்ற வரிசை இருக்கும். புதிதாகச் சேர்ந்தவர் தமக்கென ஓர் ஆய்வுக் கேள்வியை வகுத்துக்கொள்ளவே பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பெங்களூர் மையத்தில் முப்பது வயதைக் கடந்த ஓர் ஆய்வாளர் சேர்ந்த நாளிலிருந்தே தனி ஆய்வகத்தின் தலைவர். விலையுயர்ந்த நுண்ணோக்கிகளும் மற்றக் கருவிகளும் எந்த ஒரு பேராசிரியரின் சொத்தாகவும் பூட்டிக் கிடக்காமல் அனைவருக்கும் பொதுவாக வைக்கப்பட்டன. மூலக்கூறுகளை ஆராய்பவரும் நினைவாற்றலை ஆராய்பவரும் காட்டின் சூழலியலை ஆராய்பவரும் ஒரே கட்டடத்தில், ஒரே உணவுக்கூடத்தில் சந்தித்தார்கள். துறைச் சுவர்கள் எழுப்பப்படவில்லை.

இதில் ஓர் இயக்குநரின் பங்கு என்ன என்று கேட்கலாம். யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் விட்டுக்கொடுக்காமல் இருப்பதும், தேர்ந்தெடுத்தபின் அவர்கள் வேலையில் தலையிடாமல் இருப்பதும், வளாகத்துக்கு வேண்டிய பணத்தையும் அனுமதியையும் தில்லியிலும் மும்பையிலும் அலைந்து பெற்றுத் தருவதும்தான் அந்தப் பங்கு. சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இவற்றில் பதினாறு ஆண்டுகள் தளராமல் இருந்தவர்கள் நம் நாட்டில் மிகச் சிலரே. 2013-இல் அவருக்குப் பின் சத்யஜித் மேயர் பொறுப்பேற்றபோது மையம் தடுமாறாமல் தொடர்ந்தது. ஒரு தலைவர் கட்டிய அமைப்பு அவருடைய ஆளுமையை மட்டுமே நம்பி நின்றதா, தன் காலிலேயே நின்றதா என்பது அவர் போனபிறகுதான் தெரியவரும்.

அந்த மையத்தைத் தவிர வேறு அமைப்புகளிலும் அவருக்குப் பங்கு உண்டா?

உண்டு. அதே வளாகத்தில் குருத்தணு உயிரியலுக்கான இன்ஸ்டெம் நிறுவனமும், ஆய்வுக் கருவி வசதிகளையும் தொழில்முனைவோருக்கான இடத்தையும் தரும் சி-கேம்ப் அமைப்பும் உருவாவதில் அவர் முன்நின்றார். வெளிநாட்டிலிருந்து திரும்பும் இளம் உயிரியலாளர்கள் மூத்தவர்களையும் ஒருவரையொருவரும் சந்திக்க 2009-இல் தொடங்கிய இளம் ஆய்வாளர் கூட்டமும், அதையொட்டி அமைந்த இந்தியா பயோசயின்ஸ் அமைப்பும் அவரும் அமெரிக்க உயிரியலாளர் ரான் வேலும் முன்னெடுத்த முயற்சிகள். வேலை எங்கே இருக்கிறது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நாடு திரும்பத் தயங்கிய பலருக்கு அது ஒரு கதவாக அமைந்தது.

துறைச் செயலராக ஓர் அறிவியலாளர் என்ன செய்ய முடியும்?

மத்திய அரசின் பெரும்பாலான துறைகளில் செயலர் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருப்பார். அறிவியல் துறைகள் சிலவற்றில் மட்டும் அந்த இடத்தில் அறிவியலாளரை அமர்த்தும் மரபு உண்டு. 1986-இல் உருவான உயிரித் தொழில்நுட்பத் துறை அவற்றில் ஒன்று. அங்கே விஜயராகவனுக்கு முன் குழந்தை மருத்துவரான எம்.கே. பான் செயலராக இருந்தார். பின்னர் ரேணு ஸ்வரூப் வந்தார். ஆலோசகரிடம் இல்லாத ஒன்று செயலரிடம் இருக்கிறது: நிதி ஒதுக்கும் அதிகாரம்.

அவருடைய காலத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளில் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2014 டிசம்பரில் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து திறந்த அணுக்கக் கொள்கையை வெளியிட்டன. மக்களின் வரிப்பணத்தில் நடந்த ஆய்வின் கட்டுரையைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படிக்க அயல்நாட்டு இதழுக்குப் பணம் கட்ட வேண்டிய நிலையில் சிறு ஊர்க் கல்லூரி மாணவர் என்ன செய்வார் என்பது நம்மில் பலர் நேரில் அனுபவித்த சிக்கல். கொள்கை நன்றாக எழுதப்பட்டது. ஆனால் கட்டாயப்படுத்தும் ஏற்பாடு வலுவாக இல்லாததால் எல்லாரும் அதைப் பின்பற்றவில்லை. பிற்காலத்தில், ஆய்விதழ்களுக்கு நாடு முழுமைக்கும் சேர்த்துச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற வேறு பாதையில் இதே சிக்கலுக்குத் தீர்வு தேடப்பட்டது.

2017 ஜனவரியில் தாவோசில் தொற்றுநோய் ஆயத்தப் புத்தாக்கங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டபோது, நார்வே அரசு, கேட்ஸ் அறக்கட்டளை, வெல்கம் டிரஸ்ட், உலகப் பொருளாதார மன்றம் ஆகியவற்றுடன் இந்தியாவும் உயிரித் தொழில்நுட்பத் துறையின் வழியாக நிறுவன உறுப்பினராக இருந்தது. அடுத்த பெருந்தொற்று வருமுன் தடுப்பூசி ஆய்வுக்குப் பணம் திரட்டி வைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். மூன்றே ஆண்டுகளில் அந்தத் தேவை எவ்வளவு உண்மையானது என்று உலகமே கண்டது.

ரோட்டாவைரஸ் தடுப்பூசி அவருடைய சாதனையா?

அவருடைய காலத்தில் கனிந்தது என்று சொல்வதே நேர்மை. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளிடம் கண்டறியப்பட்ட ஒரு வைரஸ் வகையிலிருந்து இந்தத் தடுப்பூசியை உருவாக்கும் முயற்சியை எம்.கே. பான் பல ஆண்டுகள் முன்னெடுத்தார்; பாரத் பயோடெக் நிறுவனம் அதைத் தயாரித்தது. தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் மூன்றாம் கட்டச் சோதனை நடந்தது. வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதில் பங்கேற்றது. 2013 மே மாதத்தில் முடிவுகள் வெளியானபோது விஜயராகவன் செயலராகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. கடுமையான ரோட்டாவைரஸ் வயிற்றுப்போக்கை முதல் ஆண்டில் அது ஏறத்தாழ 56 விழுக்காடு தடுத்தது. 2016-இல் அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் அது முதலில் நான்கு மாநிலங்களில் சேர்க்கப்பட்டது.

முதன்மை அறிவியல் ஆலோசகர் பதவி எப்போது தோன்றியது? அதற்கு என்ன அதிகாரம்?

1999 நவம்பரில் அமைச்சரவைச் செயலகம் இந்தப் பதவியை உருவாக்கியது. முதலில் அமர்ந்தவர் ராமேஸ்வரத்தில் பிறந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம். அவருக்குப் பின், சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த இயற்பியலாளர் ஆர். சிதம்பரம் 2018 வரை பதினாறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுப்பில் இருந்தார். ஒருவர் ஏவுகணை, மற்றவர் அணுசக்தி. இருவருக்கும் 1998 பொக்ரான் சோதனையில் முதன்மையான பங்கு உண்டு. மூன்றாவதாக வந்த விஜயராகவன்தான் அந்தப் பதவியில் அமர்ந்த முதல் உயிரியலாளர். இரண்டு ஆண்டுகளில் நாடு சந்திக்கப்போகும் நெருக்கடி ஒரு வைரஸால் வரும் என்று அவரை நியமித்தபோது யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

அதிகாரத்தைப் பொறுத்தவரை, பதவியின் பெயரே விடை தருகிறது. ஆலோசகர் சட்டம் இயற்றுவதில்லை. மருந்துக்கு அனுமதி தருவதில்லை. பெரிய நிதியைக் கையாள்வதுமில்லை. தடுப்பூசிக்கு ஒப்புதல் தருவது மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை இயக்குநரின் வேலை. பரிசோதனைத் தரவுகள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கையில். மருத்துவமனைகள் மாநில அரசுகளின் பொறுப்பில். பிரிந்து கிடக்கும் இந்தத் துறைகளை ஒரே மேசைக்கு அழைத்து, அறிவியல் அடிப்படையில் ஒரு கருத்துக்கு வரச் செய்வதே ஆலோசகருக்குச் சாத்தியமானது. கேட்கும் மனம் எதிரே இருந்தால் அது பெரிய வலிமை. இல்லாவிட்டால் கோப்பில் ஒரு குறிப்பாகவே நின்றுவிடும்.

அவர் தலைமையில் தொடங்கிய தேசியத் திட்டங்கள் எவை?

2018-இல் பிரதமரின் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க ஆலோசனைக் குழு அவருடைய தலைமையில் அமைக்கப்பட்டது. அது ஒன்பது தேசிய இயக்கங்களை முன்மொழிந்தது. இயற்கை மொழிபெயர்ப்பு, குவாண்டம் தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவு, பல்லுயிர் வளம், மின்வாகனங்கள், மனித நலத்துக்கான உயிரியல், கழிவிலிருந்து வளம், ஆழ்கடல் ஆய்வு ஆகியன அவற்றில் அடங்கும்.

இவை எல்லாம் ஒரே வேகத்தில் நகரவில்லை. ஆழ்கடல் இயக்கத்துக்கு 2021 ஜூனில் 4,077 கோடி ரூபாய் மதிப்பில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது; மனிதரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்லும் மத்ஸ்யா 6000 கலத்தைச் சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கி வருகிறது. குவாண்டம் இயக்கத்துக்கு 6,003 கோடி ரூபாய்க்கான ஒப்புதல் 2023 ஏப்ரலில்தான், அதாவது அவர் பதவி விட்டு ஓராண்டு கழித்துக் கிடைத்தது. மொழிபெயர்ப்புத் திட்டம் பாஷிணி என்ற பெயரில் 2022-இல் வந்தது. ஆங்கிலம் அறியாத ஒருவர் அறிவியலையும் சட்டத்தையும் அரசு ஆணையையும் தம் மொழியிலேயே பெற வேண்டும் என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. தமிழில் அறிவியல் எழுத முயலும் எவருக்கும் ஒன்பதில் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது அதுவாகத்தான் இருக்கும்.

கொரோனா காலத்தில் அவர் என்ன செய்தார்?

2020-இல் நிதி ஆயோக் உறுப்பினர் வி.கே. பாலுடன் இணைந்து தடுப்பூசிக்கான பணிக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். ஊரடங்கின் தொடக்க வாரங்களில், மருத்துவ முகக்கவசங்கள் போதாமல் மருத்துவமனைகளே தவித்தபோது, வீட்டிலுள்ள பருத்தித் துணியில் முகக்கவசம் தைப்பது எப்படி, அதை எவ்வாறு துவைத்து மீண்டும் பயன்படுத்துவது என்று விளக்கும் கையேட்டை அவருடைய அலுவலகம் வெளியிட்டது. பொதுமக்கள் முகக்கவசம் அணிய வேண்டுமா என்பதில் உலக அளவில் குழப்பம் நிலவிய நாட்கள் அவை. முடிவான ஆதாரத்துக்காகக் காத்திராமல், செலவும் ஆபத்தும் குறைந்த ஒரு காப்பைப் பரிந்துரைத்தது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாம் அலையின் நடுவில், 2021 மே 20 அன்று, அதே அலுவலகம் இன்னொரு அறிவுரையை வெளியிட்டது. பெரிய துளிகள் இரண்டு மீட்டருக்குள் விழுந்துவிடும், நுண்துளிகளோ காற்றில் பத்து மீட்டர் வரை செல்லலாம், ஆகவே சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் தருவது முகக்கவசத்தைப் போலவே முக்கியம் என்று அது எளிய படங்களுடன் சொன்னது. காற்றின் வழியே பரவுவதை இவ்வளவு வெளிப்படையாக ஏற்ற அரசு ஆவணங்கள் அப்போது அதிகம் இல்லை. குறை சொல்ல வேண்டுமானால் காலத்தைத்தான் சொல்ல வேண்டும்: ஆக்சிஜனுக்கு மக்கள் அலைந்துகொண்டிருந்த மாதத்தில் வந்ததைவிட, பிப்ரவரியிலேயே வந்திருந்தால் பயன் பெரிதாக இருந்திருக்கும்.

மூன்றாம் அலை பற்றி அவர் பேச்சை மாற்றினார் என்பது உண்மையா?

இது பலர் கேட்கும் கேள்வி. பொறுமையாகப் பார்க்க வேண்டியது. 2021 மே 5 அன்று செய்தியாளர்களிடம் பேசிய அவர், வைரஸ் இவ்வளவு அதிகமாகப் பரவியிருக்கும் நிலையில் மூன்றாம் கட்டம் தவிர்க்க இயலாதது என்றும், அது எப்போது வரும் என்பது தெளிவாகத் தெரியவில்லை என்றும் கூறினார். நாடு முழுவதும் தலைப்புச் செய்தியான அந்தச் சொற்கள் பெரும் அச்சத்தை விதைத்தன. இரண்டு நாள் கழித்து, மே 7 அன்று, வலுவான நடவடிக்கைகளை எடுத்தால் மூன்றாம் அலை எல்லா இடங்களிலும் வராமல் போகலாம், எங்குமே வராமலும் போகலாம், அது உள்ளூர் அளவில் வழிகாட்டுதல்கள் எவ்வளவு நன்றாகப் பின்பற்றப்படுகின்றன என்பதைப் பொறுத்தது என்றார்.

முதல் கூற்று ஒரு கணிப்பு. இரண்டாவது ஒரு நிபந்தனை. ஆய்வரங்கில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம், யாரும் முரண் என்று எண்ண மாட்டார்கள். ஆனால் மக்கள் முன் பேசும்போது 'தவிர்க்க இயலாதது' என்ற ஒற்றைச் சொல் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. 2021 டிசம்பரில் ஒமிக்ரான் வந்து, 2022 ஜனவரியில் மூன்றாம் அலை உச்சம் தொட்டது. முதலில் சொன்னதே நடந்தது. அந்த நிலையில், மே 7 விளக்கம் அறிவியலின் தேவையால் வந்ததா, மக்களின் அச்சத்தைத் தணிக்கும் தேவையால் வந்ததா என்ற ஐயம் எழுவது இயல்பு. உறுதியின்மையையும் சேர்த்தே மக்களிடம் சொல்லப் பழகாத ஒரு பொதுவெளியில் உண்மையை முதல் முறையே முழுதாகச் சொன்னவருக்கு இரண்டாம் முறை பேச வேண்டிய நிலை வந்தது என்பது என் எண்ணம்.

அறிவியலாளர்கள் தரவு கேட்டு எழுதியபோது அவர் என்ன செய்தார்?

2021 ஏப்ரல் இறுதியில் நூற்றுக்கணக்கான இந்திய அறிவியலாளர்கள் பிரதமருக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தனர். கொரோனா பரிசோதனைத் தரவுகள் அரசு அமைப்புகளுக்குள்ளேயே பூட்டிக் கிடக்கின்றன, தொற்றின் போக்கைக் கணிக்க அவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஓரிரு நாளிலேயே விஜயராகவன் பதில் அளித்து, எந்தத் தரவை யாரிடம், எவ்வாறு கேட்டுப் பெறலாம் என்று விளக்கினார். அந்த வேகம் பாராட்டுக்குரியது. ஆயினும் பெருந்தொற்று தொடங்கி ஓராண்டுக்கு மேல் கடந்தபின், அதுவும் ஒரு திறந்த கடிதத்துக்குப் பிறகு இது நடக்க வேண்டியிருந்தது என்பது வருத்தம் தருகிறது. தரவு அவர் கையில் இல்லை. ஆலோசகர் பதவியின் எல்லை எங்கே முடிகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

அவருடைய காலத்தில் நிறைவேறாமல் போனவை எவை?

ஐந்தாவது அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கக் கொள்கையின் வரைவு 2020 டிசம்பர் இறுதியில் மக்கள் கருத்துக்கு வெளியிடப்பட்டது. அவர் பதவிக் காலம் முடியும்வரை அது வரைவாகவே இருந்தது. ஆனால் அதிலிருந்த சில எண்ணங்கள் தனித்தனியே உயிர் பெற்றன. ஆய்விதழ்களுக்கு நாடு முழுமைக்கும் ஒரே சந்தா என்ற திட்டத்துக்கு 2024 நவம்பரில் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்குக் கிடைக்கும் ஏற்பாடு அது. அவருடைய காலத்தில் பேசப்பட்ட தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை 2023-இல் அனுசந்தான் என்ற பெயரில் சட்டமாயிற்று.

ஆராய்ச்சிக்கான பணமோ வளரவில்லை. நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவாகும் பங்கு 2020-21-இல் 0.64 விழுக்காடு. எத்தனை ஆலோசகர்கள் மாறினாலும் ஒரு விழுக்காட்டைத் தொடாத இந்த எண், நிதியமைச்சகத்தில்தான் தீர்மானிக்கப்படுகிறது.

பிற நாடுகளில் நரம்பியலாளர்கள் இத்தகைய பொறுப்புகளில் இருந்ததுண்டா?

பலர் இருந்திருக்கிறார்கள். பிரிட்டனில் பார்வை நரம்பியலாளர் கோலின் பிளேக்மோர் 2003 முதல் 2007 வரை மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை நிர்வாகியாக இருந்தார். விலங்குகளைக் கொண்டு செய்யும் ஆய்வு ஏன் தேவை என்று பொதுமேடையில் வாதிட்டதற்காகப் பல ஆண்டுகள் மிரட்டல்களுக்கு ஆளானவர். ஆனாலும் வாதிடுவதை நிறுத்தவில்லை. அங்கேயே, மூளையில் மருந்துகளின் செயலை ஆராய்ந்த டேவிட் நட், போதைப்பொருள் ஆலோசனைக் குழுவின் தலைவராக இருந்தபோது, மதுவும் புகையிலையும் சில தடை செய்யப்பட்ட பொருள்களைவிடத் தீங்கானவை என்று சொன்னதற்காக 2009 அக்டோபரில் உள்துறை அமைச்சரால் நீக்கப்பட்டார். அதன் எதிரொலியாக, அரசும் ஆலோசகர்களும் ஒருவரையொருவர் எவ்வாறு நடத்த வேண்டும் என்ற எழுத்து வடிவ நெறிகள் 2010-இல் வந்தன. நம்மிடம் இன்னும் அப்படி ஒன்று இல்லாதது பெருங்குறை.

ஆஸ்திரேலியாவின் தலைமை அறிவியலாளராக 2016 முதல் 2020 வரை இருந்த ஆலன் ஃபிங்கல், நரம்பணுக்களின் மின்னோட்டத்தை அளக்கும் கருவிகளைத் தயாரிக்கும் நிறுவனத்தைத் தொடங்கியவர். மின்சாரச் சந்தை பற்றி 2017-இல் அவர் அளித்த அறிக்கையின் ஐம்பது பரிந்துரைகளில் நாற்பத்தொன்பதை அரசு ஏற்றது. விடுபட்ட ஒன்று தூய ஆற்றல் இலக்கு; அறிக்கையிலேயே அதிகம் பேசப்பட்டதும் அதுதான்.

பதவியில் இருந்தபோது ஆய்வை விட்டுவிட்டாரா?

இல்லை. தில்லியில் இருந்த ஒன்பது ஆண்டுகளிலும் பெங்களூரில் அவருடைய ஆய்வகம் இயங்கியது, மாணவர்கள் முனைவர் பட்டம் பெற்றார்கள். நிர்வாகத்துக்குப் போனவர் ஆய்வைக் கைவிடுவது நம் நாட்டில் ஏறக்குறைய வழக்கமாகிவிட்ட ஒன்று. ஆய்வகத்தில் ஒரு வேதிப்பொருள் சுங்கத்தில் சிக்கி நான்கு வாரம் தாமதமானால் ஒரு மாணவியின் வேலை எப்படி முடங்கும் என்பதை அந்த வாரமே அறியும் ஆலோசகருக்கும், இருபது ஆண்டுகளுக்கு முன் அறிந்திருந்த ஆலோசகருக்கும் வேறுபாடு உண்டு.

அவருக்குக் கிடைத்த சிறப்புகள் எவை?

1998-இல் பட்நாகர் விருது, 2009-இல் இன்ஃபோசிஸ் பரிசு, 2012-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் தகுதி, 2013-இல் பத்மஸ்ரீ, 2014-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் வெளிநாட்டு உறுப்பினர் தகுதி.

பதவி விட்டபின் என்ன செய்கிறார்?

2022 ஏப்ரலில் இயற்பியலாளர் அஜய் சூட் அவருடைய இடத்துக்கு வந்தார். விஜயராகவன் பெங்களூர் மையத்துக்குத் திரும்பினார். 2023 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சகம், பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தைச் சீரமைப்பது பற்றி ஆராய ஒன்பது பேர் கொண்ட குழுவை அமைத்து, அதன் தலைமையை அவரிடம் ஒப்படைத்தது. ஈயின் தசையை ஆராய்ந்தவரிடம் ஏவுகணை ஆய்வகங்களின் அமைப்பைப் பற்றிக் கேட்கிறார்களே என்று சிலர் வியந்தார்கள். அவரிடம் கேட்கப்பட்டது ஏவுகணையைப் பற்றியன்று. ஆய்வாளர்களைத் தேர்ந்தெடுப்பது, அவர்களை நம்பிப் பொறுப்பை ஒப்படைப்பது, வெளியிலுள்ள கல்விநிலையங்களுடன் கதவைத் திறந்து வைப்பது ஆகியவற்றைப் பற்றி. 1996-இல் ஜி.கே.வி.கே. வளாகத்தில் அவர் கையில் எடுத்த வேலையும் அதுதான்.